ரப்பர் மலையின் முறை நாகமலைக்கு ஆகுமா?

மாங்கனீஸ் என்னும் சத்து பயிருக்கு மிகச் சொற்பமாகவே வேண்டுவது. ஆயினும் அது குறைந்தால் இளந்தழைகளில் நரம்பு மட்டும் பசுமையாய் நிற்க, இடைப்பகுதி வெளிறிவிடும். மண்ணில் அது எவ்வளவு உண்டென்பதைக் காட்டிலும், வேருக்கு எட்டும் நிலையில் எவ்வளவு உண்டென்பதே முக்கியம். அதனை நிர்ணயிப்பது மண்ணின் புளிப்பு. கார அமில நிலை ஓரெண் உயர்ந்தால், கரைந்து நிற்கும் மாங்கனீஸ் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகக் குறையும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, குலசேகரம் முதலிய ரப்பர்ப் பிரதேசங்களில் பெருமழையால் சுண்ணாம்புச் சத்து கரைந்தோடி மண் புளித்திருக்கிறது. புளித்த மண்ணில் மாங்கனீஸ் மிகுந்து, பயிர் இரும்பை ஏற்பதைத் தடுக்கக்கூடும். ரப்பர்ப் பாலில் அளவு மீறினால் சரக்கும் சீக்கிரம் கெடும். இத்தகைய மிகுதிக்குச் சுண்ணாம்பு மருந்தாகும்.

மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டைச் சுற்றுப்புறத்தில் அம்மருந்தே தீங்காகலாம். சுக்கான் கலந்த புன்செயில் மாங்கனீஸ் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அதனை மேலும் இறுக்கும். நீர் தேங்கும் கண்மாய் நன்செயிலோ அது தானே கரைந்து நெல்லுக்குக் கிடைக்கும். அங்கே விலை கொடுத்து மாங்கனீஸ் உரம் இடுவது பெரும்பாலும் வீண் செலவே.

2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 இனங்கள் சோதிக்கப்பட்டன. மாங்கனீஸும் அவற்றுள் ஒன்று. ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரியே விதிக்கப்பட்டது. நன்செயும் புன்செயும் அடுத்தடுத்துள்ள ஊரில் ஒருவர் நிலத்து மண் மற்றொருவர் நிலத்துக்குச் சாட்சியாகாது. ஆகையால் கிராம அதிகாரிகள் நிலவகைக்கேற்பத் தனித்தனி மாதிரி எடுக்கச் செய்தல் நலம். பட்டாதாரர்களும் தத்தம் நிலத்தில் ஆறங்குல ஆழத்தில், பல இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, அரை கிலோவைச் சோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

பயிருக்கு எட்டும் மாங்கனீஸ் பத்து லட்சத்தில் 2 பங்குக்குக் குறைந்தால் மட்டுமே கவலை. அப்போதும் மண்ணில் இட்டது மறுபடி கட்டுப்படுமாதலால், 200 லிட்டர் நீருக்கு 1 கிலோ மாங்கனீஸ் சல்பேட் கரைத்து இலைமேல் தெளிப்பதே சிக்கனம். சோதனைக்கு முன் கடைக்குச் செல்வது, நாடி பாராமல் மருந்துண்பதை ஒக்கும்.