எந்தச் சூட்டுக்கு இந்த பேட்?

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, சிந்தாதிரிப்பேட்டைத் தெருக்கள், கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. இங்கெல்லாம் கடையும் பட்டறையும் வைத்திருக்கும் நம் வாசகர்களைத் தேடி இப்போது வேறு வகையான வாடிக்கையாளர் வருகிறார். போலோ ஜிடி, ஆக்டேவியா விஆர்எஸ், மினி கூப்பர், எப்போதாவது ஒரு போர்ஷே கேமன். பழைய பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. ‘அண்ணே, ரேஸ் பேட் போட்டுடுங்க, பிரேக் இன்னும் நல்லா கடிக்கணும்’ என்பார். சிலர் நிறத்தைச் சொல்லியே கேட்கிறார்கள்: மஞ்சள் இருக்கா, சிவப்பு இருக்கா என்று. கடைக்காரரும் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் கேட்கப்படாமல் போகும் ஒரு கேள்விக்காகத்தான் இந்த இதழின் ஆசிரியர் உரை: இந்த வண்டியின் டிஸ்க் எவ்வளவு சூடாகப் போகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து அண்ணா சாலை சிக்னலில் நிற்கிறது. அந்த ஓட்டத்தில் இருந்த ஆற்றல் ஏறத்தாழ 116 கிலோஜூல். அதில் 70 சதவீதம் முன்பிரேக்குக்குப் போகிறது என்று வைத்தால் ஒரு முன் டிஸ்க்குக்கு 40 கிலோஜூல். டிஸ்க் 7 கிலோ வார்ப்பிரும்பு என்றால் சூடு 12, 13 டிகிரி ஏறும். அடுத்த சிக்னல் வருவதற்குள் பெரும்பகுதி ஆறியும்விடும். அதே கார் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 180-லிருந்து 60-க்கு இறங்கும்போது வெளியேறும் ஆற்றல் 1,330 கிலோஜூல். ஒரே மிதியில் முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 140 டிகிரி ஏறுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும்.

நம் பேட்டைக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன இரவுப் பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது. சிவானந்தா சாலையும் நேப்பியர் பாலமும் அந்தத் தடத்தில் இருந்தன. நீளம் 3.5 கிலோமீட்டர், வளைவுகள் 19. சராசரியாக 185 மீட்டருக்கு ஒரு வளைவு. டிஸ்க் காற்று வாங்க அங்கே எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பதைப் பிரேக் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே சிவானந்தா சாலையில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போகும் காருக்கு அதே பேட் எதற்கு?

ரேஸுக்கென்றே செய்த பேட்களில் பல 200 டிகிரி தாண்டித்தான் முழுப் பிடிப்புக்கு வருகின்றன. ஊருக்குள் அவை அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. வாடிக்கையாளர் கடிக்கவேண்டும் என்று கேட்டார்; நாம் கொடுத்ததோ குளிர்ந்த நிலையில் வழுக்கும் பேட். ஐப்பசி மழையில் காலையில் வண்டியை எடுத்து முதல் மிதி மிதிக்கும்போது அவர் அதை உணர்வார். கீச்சிடும் சத்தம், டிஸ்க் அரிப்பு, சக்கரமெல்லாம் கறுப்புத் தூள் எல்லாம் கூடுதல். சாதாரண பேடைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனாலும் ஆபத்துதான். நாலைந்து சுற்றில் உள்ளே இருக்கும் பிசின் வெந்து வாயு கிளம்பும், பிடிப்பு போய்விடும். கழற்றிப் பார்த்தால் பேடின் ஓரம் சாம்பல் வெளுப்பாக இருக்கும், பின் தகட்டின் பெயிண்ட் கருகி உரிந்திருக்கும். தடத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு வண்டியிலும் இந்த இரண்டையும் பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட அந்த ஓரம் உண்மை பேசும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கடைப் பையன்கள் வரைக்கும் மனத்தில் பதிய வைக்க வேண்டும். பெடல் கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை என்றால் வெந்தது பேட். பெடல் தரைக்குப் போகிறது என்றால் கொதித்தது ஆயில். இரண்டாவது குறையோடு வருபவருக்கு விலை உயர்ந்த பேட் விற்பது அநியாயம். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது, நம் ஊரோ கடற்கரை ஊர். திறந்து வைத்த டப்பாவை மூன்று மாதம் கழித்து எடுத்து ஊற்றும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. தடத்துக்குப் போகும் வண்டி என்றால் சீல் உடைக்காத டப்பா, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தல், அதன் பிறகே பேட் பேச்சு.

பெடல் அமுங்குகிறது, கட்டையாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பேடுக்குச் சம்பந்தமே இல்லாதவை நிறைய. காலிபர் நகரும் பின் காய்ந்து இறுகியிருக்கும். அப்போது உள் பேடும் வெளி பேடும் வேறு வேறு தடிமனில் தேய்ந்து வரும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் ஊதும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும்; குண்டு குழியைத் தாண்டியதும் முதல் மிதி ஆழமாகப் போகும், இரண்டாவது மிதி சரியாக இருக்கும். இன்ஜினை அணைத்து, பூஸ்டரிலுள்ள வாக்குவம் தீரும்வரை பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒழுகல் இல்லாதபோது மாஸ்டர் சிலிண்டர் சீலைச் சந்தேகப்பட வேண்டும். மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரைப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் பேட் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

இவ்வளவும் சரியாக இருக்கும் வண்டியில்தான் பேடின் குணம் காலுக்குத் தெரியும். எல்லோரும் கேட்பது முதல் கடி. நல்ல ஓட்டுநர் அதைவிடக் கவனிப்பது விடும்போது நடப்பதை. வளைவுக்குள் நுழைந்துகொண்டே காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது, எடுத்த அளவுக்கு பேடும் விட வேண்டும். சில பேட்கள் விடாமல் ஒட்டிக்கொள்ளும். வண்டியின் மூக்கு அமுங்கியே நிற்கும், பின்பக்கம் லேசாகி நழுவப் பார்க்கும். வேறு சில, வேகம் குறையக் குறையத் தாமாகவே பிடிப்பைக் கூட்டும். ஓட்டுநர் காலை அசைக்கவே இல்லை, கடைசிப் பத்து மீட்டரில் சக்கரம் பூட்டப் பார்க்கிறது. ஏபிஎஸ் இல்லாத பந்தயக் காரில் இது பெரிய தலைவலி. அமெரிக்கச் சந்தைக்கான பேட்களின் ஓரத்தில் அச்சடிக்கும் இரண்டெழுத்துக் குறியில் இந்தக் குணம் எதுவும் தெரியாது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எண், இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. அவ்வளவுதான்.

இப்போது போட்டிருக்கும் பேடே முழு மிதியில் ஏபிஎஸ்ஸை எழுப்புகிறது என்றால், ஒரு தடவை நிற்கும் தூரத்தைப் புது பேட் குறைக்காது. அங்கே எல்லை டயர். இதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுவது கடையின் பேருக்கு நல்லது. வார நாளில் ஊருக்குள்ளும் மாதம் ஒரு முறை தடத்திலும் ஓடும் வண்டிக்கு இரண்டு செட் பேட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே டிஸ்க் வேண்டாம். ஒரு பேடின் படிவு மேல் இன்னொரு பேட் சரியாக உட்காராது.

படிவு என்றதும் பெட்டிங் பற்றியும் பேச வேண்டும். புது பேட் மாட்டி, சாவியைக் கையில் கொடுத்து, ‘நூறு கிலோமீட்டர் பார்த்து ஓட்டுங்க சார்’ என்று அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. பேடிலிருந்து மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுவதும் சமமாக ஏற வேண்டும். வெளிவட்டச் சாலையில் பின்னால் வண்டி வராத விடியற்காலையாகப் பார்த்து, 80-லிருந்து 20-க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போய் உத்தண்டி சுங்கச்சாவடியில் சூட்டோடு பிரேக்கை மிதித்தபடியே நின்றால், பேடின் அச்சு டிஸ்க்கில் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று வருவார். பெரும்பாலும் வளைந்திருக்காது.

பேட் செய்பவர்களுக்கும் ஒரு கோரிக்கை. 1962-ல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் வந்த ரானே பிரேக் லைனிங், 1974-ல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று இந்த நாட்டின் பிரேக் அறிவில் பெரும்பங்கு நம் நகரத்தில் இருக்கிறது. உராய்வு எண் சூட்டோடு எப்படி மாறுகிறது என்ற வரைகோடு இல்லாமல் எந்தக் கலவையும் சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வருவதில்லை. அந்தக் கோட்டை, உள்நாட்டு பேடானாலும் இறக்குமதி பேடானாலும், பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டால் போதும். ஐரோப்பாவில் மாற்று பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்90 விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி சாலைக்கு உதவும், தடத்துக்கு வழி சொல்லாது. கோடு இருந்தால் கடையில் நிற்கும் பையனே விரலை வைத்துக் காட்டிவிடுவான்.

அதுவரை நம் கையில் இருப்பது பில் புத்தகம். பேடின் முழுப்பெயரும் குறியும், ஆயில் மாற்றிய தேதி, டிஸ்க்கின் தடிமன் மில்லிமீட்டரில், பெட்டிங் யார் எப்போது செய்தார்கள் என்பது. இந்த நான்கையும் ஒவ்வொரு பிரேக் பில்லிலும் எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை அந்த வண்டி வரும்போது பில்லை வைத்துப் பேசலாம்.