கையெழுத்துப் போட்டது யார்?

2009-ம் ஆண்டு. ஒன்றுபட்ட ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி தடுப்பூசி போடப்பட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. ஆனால், அது வழக்கமான தடுப்பூசி முகாம் அல்ல. 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு.

ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள், பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு. ஆந்திரா, குஜராத்தில் 7 சிறுமிகள் இறந்த நிலையில், 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பிருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால், ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடியது.

ஆப்பிரிக்காவிலும் இதே சிக்கல்தான். 1996-ல் நைஜீரியாவின் கானோவில், மூளைக்காய்ச்சல் பாதித்த குழந்தைகளிடம் ஃபைசர் தன் புதிய மருந்தைச் சோதித்தது. முறையான ஒப்புதல் இல்லை என்று வழக்கு. 2009-ல் 7.5 கோடி டாலர் தர நிறுவனம் சம்மதித்தது.

ஆய்வு இல்லாமல் புது மருந்து இல்லை. அதற்காகக் கேள்வி கேட்காமல் கை நீட்ட வேண்டியதில்லை. கொற்கை வயல்காட்டுக்கோ தூத்துக்குடி உப்பளத்துக்கோ யாராவது ஆய்வுக்கென ரத்தம் கேட்டு வந்தால், இவற்றைக் கேளுங்கள்:

* இது சிகிச்சையா, ஆய்வா?
* நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா?
* பாதிப்பு வந்தால் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?
* பாதியில் விலகலாமா?

கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தமிழில் விளக்கமும், ஒப்புதல் படிவத்தின் பிரதியும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.