மின்சாரக் கார்: சீனா முந்தியது எப்படி? காசு மட்டும் இருந்தால் போதுமா?

உங்கள் புளோக்கிற்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எத்தனை பிஒய்டி கார்கள் கண்ணில் படுகின்றன?

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஆக அதிகமாக விற்பனையானவை பிஒய்டி கார்கள். டொயோட்டாவையே அது முந்தியது. இத்தனைக்கும் 2003ஆம் ஆண்டுக்கு முன்பு அந்த நிறுவனம் ஒரு காரைக்கூடத் தயாரித்ததில்லை.

"சீன அரசாங்கம் காசைக் கொட்டியது, அதான்" என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன?

பந்தயத்தையே மாற்றியது

பெட்ரோல் என்ஜினில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பல ஆண்டு அனுபவம். அவற்றைத் துரத்திப் பிடிப்பது சிரமம். ஆனால் மின்சாரக் காரில் எல்லாருமே புதியவர்கள்.

ஜெர்மனியில் ஆவ்டி நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் வான் காங் அதைச் சீன அரசாங்கத்திடம் எடுத்துச் சொன்னார். 2007இல் அவரே அறிவியல், தொழில்நுட்ப அமைச்சரானார்.

கைப்பேசியிலிருந்து காருக்கு

மின்சாரக் காரில் ஆக விலையுயர்ந்த பாகம் பேட்டரி. சீனாவுக்கு அது புதிதல்ல.

- பிஒய்டி 1995இல் ஷென்சென் நகரில் தொடங்கியது. கைப்பேசி பேட்டரிதான் அதன் முதல் தொழில். விலையுயர்ந்த இயந்திரங்கள் வாங்க வசதியில்லை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஊழியர்களைக் கையால் செய்ய வைத்தது.
- இன்று உலகின் ஆகப் பெரிய மின்வாகன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல், 2011இல் தொடங்கியது. அதன் நிறுவனர்களும் கைப்பேசி போன்ற சின்னச் சாதனங்களுக்கு பேட்டரி செய்து பழகியவர்கள்.

கார் வருவதற்கு முன்பே கைத்திறன் இருந்தது. பொருள் தரும் சிறு நிறுவனங்களும் பக்கத்திலேயே இருந்தன.

வாங்க ஆள் வேண்டுமே?

செய்தால் மட்டும் போதுமா, விற்க வேண்டாமா? அங்கேதான் அரசாங்கம் கைகொடுத்தது.

2017ஆம் ஆண்டுக்குள் ஷென்சென் தனது 16,000க்கும் அதிகமான பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. நம்மூர் வாகன உரிமைச் சான்றிதழ் மாதிரி, ஷங்ஹாயில் நம்பர் பிளேட் ஏலத்தில் விற்கப்படுகிறது. அதன் விலை 90,000 யுவானையும் தாண்டியதுண்டு. மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கோ அது இலவசம். நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

போட்டியாளருக்குக் கதவைத் திறந்தது

2019இல் டெஸ்லா ஷங்ஹாயில் ஆலை கட்டியது. சீனப் பங்காளி இல்லாமல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அங்கே கார் ஆலை அமைத்தது அதுவே முதல்முறை. டெஸ்லாவுக்குப் பாகம் செய்து கொடுத்த சீன நிறுவனங்களின் தரம் உயர்ந்தது. உள்ளூர்க் கார் நிறுவனங்களும் விழித்துக்கொண்டன.

காசு வீணாகவில்லையா?

வீணானது. விற்காத வாகனங்களை விற்றதாகக் காட்டி மானியம் வாங்கிய நிறுவனங்கள் 2016இல் பிடிபட்டன. மோசடித் தொகை சுமார் 1 பில்லியன் யுவான்.

கார் வாங்குவோருக்கான மத்திய அரசாங்க மானியம் 2022ஆம் ஆண்டோடு முடிந்தது. அடுத்த ஆண்டே டபிள்யூஎம் மோட்டார் நொடித்தது. ஊழியர்கள் வேலை இழந்தனர். காரை வாங்கியவர்கள் உதிரிப் பாகத்துக்கு அலைந்தனர்.

பிழைத்த நிறுவனங்களும் விலைக் குறைப்புப் போரில் சிக்கித் தவிக்கின்றன. உள்ளூரில் விற்காத கார்கள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. 2024இல் அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 விழுக்காடு வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் கூடுதல் வரி விதித்தது.

மற்ற நாடுகள் பின்பற்ற முடியுமா?

இந்தோனேசியாவிடம் பேட்டரிக்குத் தேவையான நிக்கல் ஏராளமாக இருக்கிறது. தாதுவாக ஏற்றுமதி செய்வதை அது 2020இல் தடை செய்தது. "ஆலையை இங்கே வந்து கட்டுங்கள்" என்பது அதன் நோக்கம். ஆனால் சீன நிறுவனங்கள் இப்போது அதிகம் செய்வது இரும்பு-பாஸ்பேட் பேட்டரி. அதற்கு நிக்கலே தேவையில்லை! மண்ணில் கனிமம் இருப்பது மட்டும் போதாது. தொழில்நுட்பம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்லந்தின் ராயோங் மாநிலத்தில் பிஒய்டி 2024இல் ஆலை திறந்தது. வேலைகள் வரும், நல்லதுதான். ஆனால் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவது வேறு, அவற்றை வடிவமைப்பது வேறு.

ஆகவே வட்டாரத்தில் புது ஆலை வருகிறது என்று அடுத்த முறை செய்தி படிக்கும்போது, எத்தனை மில்லியன் முதலீடு என்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்:

- பேட்டரி எங்கே தயாராகிறது?
- உள்ளூர்ப் பொறியாளர்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள்?

10 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டின் கையில் என்ன மிஞ்சும் என்பதை அந்தப் பதில்கள் சொல்லிவிடும்.