மூன்று தோட்டாக்களும் பதினாறு மணி நேரமும்

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர் தம் ஷாட்கன்னில் ஒரே சமயத்தில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இட்டுக்கொள்ளக் கூடாது. 1935ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு நடுவண் அரசின் விதி இது. ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கியாக இருந்தால், தோட்டாக்கள் தங்கும் குழலுக்குள் ஒரு கட்டையைச் செருகி மிச்ச இடத்தை அடைத்துவிட வேண்டும். சதுப்பு நிலத்துக் குளிரில் வந்து நிற்கும் காட்டுயிர்க் காவலர் துப்பாக்கியை வாங்கிச் சோதிப்பார். நான்காவது தோட்டா உள்ளே போகுமானால் அபராதம். வலசைப் பறவைகள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த இந்த விதியைத் தொண்ணூறு ஆண்டுகளாக அந்நாட்டு வேட்டைக்காரர்கள் சுமந்து வருகிறார்கள். அதைத் தம் உரிமையின் மீது விழுந்த அடியாக அவர்கள் கருதுவதில்லை. வேட்டை என்றால் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே வேட்டைக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட வாரத்தில், மனிதர்கள் நடமாடும் இடத்திலும் ஏதேனும் ஒரு வரம்பு இருக்கலாமே என்று தம் தோழர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். முப்பது ஆண்டுகள் ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்த நட்பு அன்றோடு முடிந்துபோகலாம். வாத்துக்காக ஒத்துக்கொண்ட ஒன்றை மனிதனுக்காகப் பேசவும் கூடாது என்று ஆகிவிட்டது. இதைக் கபடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு பண்பாடு தன் மொழியை இழந்த கதை இதற்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க வேட்டைப் பண்பாட்டின் மையத்தில் இருந்தது துப்பாக்கி அன்று, தன்னைத்தானே அடக்கிக்கொள்ளுதல். கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியவர்களின் பேராசையைப் பார்த்து அஞ்சியவர்களும் வேட்டைக்காரர்கள்தாம். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பிக்க ஒரு நியாயமான வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்பதை வேட்டையின் அறமாக்கிற்று. வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாக்களின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்துப்போனது. அந்தச் சாவின் நிழலில்தான் மூன்று தோட்டா விதியெல்லாம் வந்தது.

இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்க ஃபாக்னரே போதும். 1942இல் வெளிவந்த நூலில் உள்ள ‘கரடி’ என்னும் நெடுங்கதையில், காட்டின் அந்தக் கிழட்டுக் கரடியைக் கண்ணால் காண விரும்பும் சிறுவன் முதலில் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். அதுவும் போதவில்லை. கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் மாட்டிவிட்டு நடக்கிறான். பிறகுதான் கரடி தரிசனம் தருகிறது. வேட்டைக் கதைகளிலேயே உச்சமான கதை, துப்பாக்கியைக் கீழே வைப்பதில் திரும்புகிறது! அதைப் படித்த எந்த வேட்டைக்காரரும் ஃபாக்னரைத் துப்பாக்கி விரோதி என்று நினைத்திருக்க மாட்டார்.

ஆல்டோ லியோபோல்டின் கதை இன்னும் நேரடியானது. வனத்துறையில் இளைஞராக இருந்த காலத்தில், ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்ற கணக்கில் ஓர் ஓநாயைச் சுட்டார். செத்துக்கொண்டிருந்த அதன் கண்களில் ஏதோ ஒரு பச்சை நெருப்பு அணைவதைக் கண்டதாகப் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல் வெளிவந்த ‘எ ஸாண்ட் கவுன்டி அல்மனாக்’ நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. லியோபோல்ட் கடைசிவரை வேட்டையாடினார். வேட்டையாடிக்கொண்டே தம் கருத்தை மாற்றிக்கொண்டார், மாற்றிக்கொண்டதை அச்சிலும் ஏற்றினார். வேட்டையின் உலகம் அவரைத் தள்ளிவைக்கவில்லை. தன் முன்னோர்களில் ஒருவராகவே இன்றும் வைத்திருக்கிறது.

இனி 2007க்கு வருவோம். ஜிம் ஸம்போ நாற்பது ஆண்டுகளாக வேட்டை பற்றி எழுதி வந்தவர். ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையின் வேட்டைப் பகுதி ஆசிரியர். தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். அவ்வாண்டு பிப்ரவரியில், வேட்டையாடிக் களைத்த ஓர் இரவில், ஒரு சிறு குறிப்பு எழுதினார். ராணுவத் துப்பாக்கியின் சாயலில் இருக்கும் ஏஆர்-15 வகை ரைஃபிள்களை வேட்டைக்குக் கொண்டுவருவது தமக்கு உவப்பாக இல்லை என்றும், அவற்றைப் பயங்கரவாதிகளின் ரைஃபிள் என்றே தாம் அழைப்பதாகவும் அதன் சாரம். சில நாள்களுக்குள் ரெமிங்டன் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. ரைஃபிள் சங்கம் விலகிக்கொண்டது. பத்திரிகைப் பதவி போயிற்று. தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நின்றது. மனிதர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு எதையும் தடுத்து நிறுத்தவில்லை. ஓர் ஆயுட்கால எழுத்து ஒரே வாரத்தில் கலைந்தது.

ஸம்போ மீது கோபப்பட்டவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயங்கரவாதி என்ற சொல் 2001க்குப் பிந்தைய அமெரிக்காவில் சும்மா வீசுகிற சொல்லன்று. லட்சக்கணக்கான சாதாரணக் குடிமக்கள் சட்டப்படி வைத்திருக்கும் பொருளின் மீது அதை ஒட்டினால் அவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வகை ரைஃபிளால் வேட்டையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1994இல் வந்து 2004இல் காலாவதியான தடைச் சட்டம், மடக்கும் கட்டை, துப்பாக்கி முனைக் கத்தி பொருத்தும் இடம் என்று வெளித்தோற்றத்தின் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தது என்ற அவர்களுடைய கேலியிலும் உண்மை உண்டு. சொல்லைக் கண்டித்திருக்கலாம், கடுமையாகவே மறுத்து எழுதியிருக்கலாம். ஆனால் நடந்தது மறுப்பு அன்று, அப்புறப்படுத்தல்.

ஸம்போ வாய் தவறினார் என்றே வைத்துக்கொள்வோம். டிக் மெட்காஃப் தவறவில்லை. ‘கன்ஸ் அண்ட் அம்மோ’ பத்திரிகையின் 2013 டிசம்பர் இதழில், நிதானமாக, அச்சில், அவர் எழுதிய பத்தி ஓர் எளிய வேறுபாட்டைப் பற்றியது: ஒழுங்குபடுத்துவது வேறு, பறிப்பது வேறு. அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தமே ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையைப் பற்றிச் சொல்லித்தானே தொடங்குகிறது? (அந்தச் சொல்லுக்கு 1791இல் நன்கு பயிற்சி பெற்ற என்பதே பொருள் என எதிர்த்தரப்பார் சொல்வார்கள். உரையாசிரியர்களின் சண்டைகளில் வளர்ந்த நமக்கு இந்தத் தகராறு புதிதன்று.) மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்பவர் பதினாறு மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் அவ்வாண்டு வைத்த நிபந்தனை தமக்கு உரிமைப் பறிப்பாகத் தோன்றவில்லை என்றும் எழுதினார். அவ்வளவுதான். பத்திரிகை அவரை விலக்கியது. அதை வெளியிட்ட ஆசிரியர் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாமும் பதவி விலகினார்.

கவனியுங்கள், சாண்டி ஹுக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டு ஓராண்டுகூட நிறையாத நேரம் அது. உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் துப்பாக்கி தனிமனிதனின் உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அந்த உரிமை வரம்பற்றது அன்று என்றும் சேர்த்தே சொன்னது. தீர்ப்பை எழுதிய ஸ்கலியா பழமைவாதிகளின் நாயகர், தாமும் வேட்டைக்குப் போய்வந்தவர். ஸ்கலியா சொல்லக்கூடியதை மெட்காஃப் சொல்லக் கூடாது!

இந்த மாற்றத்துக்கு ஓர் இரவைக் குறிக்க முடியும். 1871இல், குறிபார்த்துச் சுடக் கற்பிப்பதற்காக வடபுலப் படையதிகாரிகள் தொடங்கியது தேசிய ரைஃபிள் சங்கம். நெடுங்காலம் போட்டி, பயிற்சி, வேட்டை என்றே இருந்தது. 1970களில் அதன் தலைமை, தலைநகரை விட்டுக் கொலராடோவுக்குக் குடிபெயரவும், நியூ மெக்சிகோவில் ஒரு பெரிய வெளிப்புற விளையாட்டு மையம் அமைக்கவும் திட்டமிட்டது. அரசியலைவிட்டு விலகிக் காட்டுக்குப் போகும் திட்டம் என்று சொல்லலாம். 1977 மே மாதம் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் விடிய விடியச் சண்டையிட்டு அந்தத் தலைமையைக் கவிழ்த்தார்கள். ஹார்லன் கார்ட்டர் தலைமைக்கு வந்தார். சங்கம் வாஷிங்டன் வட்டாரத்திலேயே தங்கியது. வேட்டைச் சங்கம் அரசியல் சங்கமாயிற்று. கூட்டம் நடந்த ஊர் சின்சினாட்டி. கடைசிப் புறா செத்த அதே ஊர். தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எதிர்முகாமும் வேட்டைக்காரருக்கு நன்மை செய்துவிடவில்லை. மான் சுட இந்தத் துப்பாக்கி எதற்கு என்று மேடைதோறும் கேட்கிறார்கள். இரண்டாம் திருத்தம் மானைப் பற்றியதன்று என்று மறுமொழி வருகிறது. சட்டப்படி அந்த மறுமொழியே சரி. ஆக, வேட்டைக்காரர் இரு தரப்புக்கும் ஒரு வேடம் மட்டுமே. 2004 தேர்தலுக்கு இரண்டு வாரங்கள் முன்பு ஜான் கெர்ரி உருமறைப்பு உடை தரித்து ஒஹையோவில் வாத்தினப் பறவை சுடப் போனார், நிழற்படக்காரர்கள் புடைசூழ. அந்த வேடத்தை நம்பியவர் குறைவு, சிரித்தவர் அதிகம்.

பிப்ரவரி 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் பதினேழு பேர் கொல்லப்பட்டபின் இந்தச் சண்டை தண்ணீர்க் குடுவை வரைக்கும் வந்தது. மலையேறுவோரும் மிதிவண்டிக்காரர்களும் விரும்பி வாங்கும் குடுவைகளையும் தலைக்கவசங்களையும் செய்துவந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனமே அப்போது ரைஃபிளும் செய்துவந்தது என்று கண்டு, ஆர்ஈஐ என்னும் கூட்டுறவுக் கடை அந்நிறுவனத்துக்குப் புதிய கொள்முதலை நிறுத்தியது. இரண்டு மாதத்தில் மறுமுனையின் முறை. யெட்டி நிறுவனம் ரைஃபிள் சங்கத்துக்குத் தந்துவந்த சலுகையை நிறுத்தியது என்று கேள்விப்பட்டுச் சிலர் தாம் காசு கொடுத்து வாங்கிய யெட்டி குளிர்பெட்டிகளையே வெடிக்கச் செய்து படம்பிடித்தார்கள். பல அமைப்புகளுக்குமான பழைய சலுகைத் திட்டம் ஒன்றை மாற்றியதாக நிறுவனம் விளக்கியதை யார் கேட்டார்கள்? கூடாரம் போடுகிறவன் எந்தக் கட்சி என்று அவன் குடுவையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நிலை. காட்டில் சந்திக்கக்கூடிய இரண்டு மனிதர்கள் கடையிலேயே பிரிந்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கையும் வேட்டைக்காரருக்கு எதிராக இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதன் முதன்மைக் காரணம் என்ன என்ற கேள்விக்கு, 1999இல் 49 விழுக்காட்டினர் வேட்டை என்றார்கள், 26 விழுக்காட்டினர் பாதுகாப்பு என்றார்கள். 2013இல் ப்யூ ஆய்வு மையம் கேட்டபோது பாதுகாப்பு 48, வேட்டை 32. பதினான்கே ஆண்டுகள். துப்பாக்கியின் பொருளே மாறிவிட்டது: காட்டுக்கு எடுத்துச்செல்லும் கருவியாக இருந்தது, அண்டை மனிதனை எண்ணித் தலையணைக்கருகே வைக்கும் பொருளாயிற்று. பயத்தின் மொழியில் வரம்பு என்ற சொல் இருக்க முடியாது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாதவனுக்கு எத்தனை தோட்டாவும் போதாது.

இதிலே ஒரு சிக்கலான நன்மையும் கலந்திருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றுக்கு 11 விழுக்காடு வரி, கைத்துப்பாக்கிக்கு 10. அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது. காட்டுப்பக்கமே எட்டிப் பார்க்காத நகரவாசி, அச்சத்தில் வாங்கும் கைத்துப்பாக்கியின் வரியில் மானும் வான்கோழியும் பிழைக்கின்றன. துப்பாக்கி விற்பனை பெருகும் ஆண்டுகளில் காட்டுயிர்த் துறைகளின் கைக்குக் கூடுதல் பணம் வருகிறது. எனவே விற்பனையைக் குறைக்கப் பேசும் வேட்டைக்காரர் தாம் நேசிக்கும் சதுப்பு நிலத்தின் வருவாயிலும் கை வைக்கிறார். அவருடைய மௌனத்தில் கோழைத்தனம் மட்டும் இல்லை என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மெட்காஃப் சொன்ன பதினாறு மணி நேரத்தை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. வேட்டை உரிமம் பெறுவதற்கு முன் பாதுகாப்பு வகுப்பில் அமர வேண்டும் என்ற கட்டாயத்தை நியூயார்க் மாநிலம் 1949இல் கொண்டுவந்தது; பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. துப்பாக்கியின் வாயை எங்கே பிடிப்பது, வேலியைத் தாண்டும்போது என்ன செய்வது, இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விசையைத் தொடாதிருப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு அப்பன்மார் அருகிலிருந்து சொல்லித்தரும் வழக்கம் அங்கே சட்டத்துக்கும் முந்தையது. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி, கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்க 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டும் வேண்டாம், அதற்கென ஒரு மணி நேர வகுப்பும் வேண்டாம். அந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றிலும், முயல் சுடப் போகிற பதினாறு வயதுப் பையன் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் வருகிறான். அவனுக்குச் சொல்லித்தருபவர், பெரும்பாலும் ஊதியமில்லாமல், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர்.