தலைமை ஆசிரியையோடு நின்றுவிட்ட விசாரணை

புது தில்லி: பிகாரின் சரண் மாவட்டம், கண்டாமன் கிராமப் பள்ளியில் 2013 ஜூலை 16-ம் தேதி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர்.

கிருமிகளால் கெட்ட உணவு என்றால் பாதிப்பு தெரியப் பொதுவாகச் சில மணி நேரம் பிடிக்கும். இங்கோ சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே குழந்தைகள் சுருண்டு விழுந்தனர். பூச்சிமருந்து என்று சந்தேகித்த மருத்துவர்கள், அதற்கு முறிவான அட்ரோபின் மருந்தைச் செலுத்தினர். எண்ணெய்ப் பாத்திரத்திலும் எஞ்சிய உணவிலும் மோனோகுரோட்டபாஸ் இருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு உறுதி செய்தது. இதற்கிடையே, அரசியல் சதி என்று ஆளும் தரப்பு பேசத் தொடங்கியிருந்தது. அறிவியல் முந்திக்கொள்ளாதிருந்தால் விஷயம் அதிலேயே முடிந்திருக்கும்.

எண்ணெய் சரியில்லை என்று சமையலர் எச்சரித்தும் சமைக்கச் சொல்லப்பட்டதாக விசாரணையில் கூறப்பட்டது. அந்தச் சமையலரும் சாப்பிட்டு நோயுற்றார். பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது 2006-ம் ஆண்டு நெறிமுறைகளிலேயே இருந்தது. பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

2016-ல் தலைமை ஆசிரியைக்கு மொத்தம் 17 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அவரது அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல. ஆனால், சமையல் பொருள்களை வைக்க இடமில்லாத பள்ளிக்குத் திட்டத்தை அனுப்பிய அதிகாரிகள் யாரும் கூண்டில் ஏறவில்லை.

உணவு மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி 2015-ல்தான் வந்தது. காய்கறிகளுக்கு 2005-லேயே தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டபாஸின் 36 சதவீதக் கரைசலை மத்திய அரசு தடை செய்தது 2023-ல். அப்போதும் இருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் தரப்பட்டது.