ஐந்தாம் நாளை அடித்துவிடுங்கள்

நண்பர் ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் ஏழு நாள் அந்தமான் போகிறார். திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுவந்து காட்டினார். முதல் நாள் செல்லுலர் சிறை. நல்லது, 1906-ல் கட்டி முடித்த அந்தக் கொட்டடிகளைக் குழந்தைகள் பார்க்கத்தான் வேண்டும். பிறகு மூன்று நாள் ஹேவ்லாக் தீவு. (2018-லிருந்து அதற்கு ஸ்வராஜ் என்று பெயர், வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) மணலும் கடலும். ரொம்ப நல்லது.

ஐந்தாம் நாளுக்கு நேரே, “பாராடாங் சுண்ணாம்புக் குகை, வழியில் ஜாரவா” என்றிருந்தது.

வழியில் ஜாரவாவா? அது என்ன, மலையா, அருவியா? மனிதர்கள், ஐயா! சில நூறு பேர். அவர்கள் காட்டுக்குள் சாலை போட்டவர்கள் நாம். 2002-லேயே அங்கே சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. வண்டிகள் இன்றும் காவலோடு வரிசையாய்ப் போகின்றன. இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று விதிகள் உண்டு. விதி இருந்தும், தீனிக்காக அவர்களை ஆடவைத்த படம் 2012-ல் வெளிவந்து நம் மானம் போயிற்று.

“குகை பார்க்கத்தானே போகிறோம்? அனுமதி உண்டே” என்றார் நண்பர்.

இருக்கட்டும். ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பையன் எதைத் தேடுவான், குகையையா? வண்டலூரில் புலியைத் தேடின அதே கண்ணால் இன்னொரு குழந்தையைத் தேடுவான். அதற்குப் பணம் கட்டுகிறவர் தகப்பனார்! முதல் நாள் சிறைவாசலில் நின்று வெள்ளைக்காரனை வைதவரும் அவரேதான்.

அந்த ஒரு நாளும் ஹேவ்லாக்கிலேயே நண்டு வளை தோண்டட்டுமே குழந்தைகள்.

நண்பர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடித்தாரா இல்லையா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.