மாயா நிலத்தில் ஒரு நாள்: பேருந்து காட்டாத தண்ணீர்

கான்கூன் கடற்கரை விடுதிகளின் வாசலில் பொழுது விடியும் முன்பே சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றுவிடும். எந்த நிறுவனத்தில் பதிவு செய்தாலும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 200 கி.மீ. ஓட்டம், பழைய மாயா நகரமான சிச்சென் இட்சாவில் இரண்டு மணி நேரம், ஒரு ‘செனோட்டே’யில் குளியல், பஃபே சாப்பாடு, வயாதோலித் நகரச் சதுக்கத்தில் அரை மணி நேரம், இருட்டியதும் மறுபடி விடுதி. நடுவில் எப்படியும் ஒரு கைவினைப் பொருள் கடையில் வண்டி நிற்கும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் ஆண்டு முழுக்க நடக்கும் இந்த ஒருநாள் சுற்றுலா, அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கமானதுதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மெக்சிகோவுக்கெனத் தனி விசா வாங்க வேண்டியதில்லை. டெக்சாஸிலிருந்து சில மணி நேர விமானப் பயணம். நீண்ட வார இறுதிக்குத் தோதான இடம்.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பார்க்கத் தகுந்த இடம், குளிக்கத் தகுந்த நீர். ஆனால், எந்த வரலாறு சொல்லப்பட வேண்டும், யார் கைக்குக் காசு போக வேண்டும், எது கண்ணில் படாமலே போக வேண்டும் என்பதையெல்லாம் ‘ஒரு நாள்’ என்கிற அந்த அளவுதான் முடிவு செய்கிறது. அப்படிக் கண்ணில் படாமல் போவதில் முதன்மையானது, பயணிகள் எந்த நீரில் குளிக்கிறார்களோ அந்த நீரின் கதை.

ஆறில்லாத ஊரில்

யுகடானின் வடபகுதியில் ஆறு கிடையாது. தரை முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை நிற்காமல், ஓடாமல், நேரே உள்ளே இறங்கிவிடும். அந்த நீர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கியது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் வானம் பார்த்த கிணறு பிறந்தது. அதுதான் செனோட்டே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களின் முடிவுக்குக் காரணமான விண்கல் விழுந்த சிக்சுலூப் பள்ளமும் இங்கேதான் புதைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 180 கி.மீ. விட்டமுள்ள அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, தீபகற்பத்தின் வடமேற்கில் செனோட்டேகள் அரைவட்டமாக வரிசை கட்டி நிற்கின்றன.

கிழக்குக் கடற்கரைப் பக்கம் நிலத்தடியில் இன்னொரு நாடே இருக்கிறது. துலூம் அருகே சாக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்னும் இரு நீரடிக் குகைத் தொடர்களும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று 2018இல் முக்குளிப்பவர்கள் கண்டறிந்தபோது, இணைந்த தொடரின் நீளம் 347 கி.மீ. என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொடரைச் சேர்ந்த ‘ஓயோ நேக்ரோ’ பள்ளத்தில் 2007இல் கிடைத்த பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு ஏறத்தாழ 13,000 ஆண்டுப் பழமையானது. கடல் மட்டம் தாழ்ந்து, குகைகள் உலர்ந்து கிடந்த காலத்தில் உள்ளே போனவள் அவள்.

சிச்சென் இட்சா நகரம் எழுந்ததற்கும் இந்தக் கிணறுகளே காரணம். நகருக்குள் இரண்டு பெரிய செனோட்டேகள் உண்டு. ஷ்தோலோக் குடிநீருக்கு, ‘புனித செனோட்டே’ மழைக் கடவுள் சாக்குக்குக் காணிக்கை செலுத்த. குகுல்கான் பிரமிடிலிருந்து புனித செனோட்டே வரை சுமார் 300 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய மேட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கத்துக்கு 364, உச்சி மேடையையும் சேர்த்தால் 365 என்று வழிகாட்டிகள் பெருமையோடு கூட்டிக்காட்டும் அந்தப் பிரமிடும், பச்சையாகக் கிடக்கும் அந்தக் கிணறும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள். நாட்காட்டி வேண்டியிருந்தது மழைக்காக. மழை வேண்டியிருந்தது சோளத்துக்காக.

ஒருநாள் சுற்றுலா இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. பிரமிடு ‘வரலாறு’, செனோட்டே ‘குளியல்’. வெயிலில் காய்ந்து வரலாறு கேட்டவர்களுக்கு இலை ஓரத்தில் வைத்த ஊறுகாய்போல ஒரு மணி நேரம் தண்ணீர். பல பேருந்துகள் நிற்கும் இக் கில் செனோட்டே, தரையிலிருந்து 26 மீட்டர் கீழே, சுமார் 60 மீட்டர் அகலத்தில், மேலிருந்து வேர்கள் தொங்க, உண்மையிலேயே மயக்கும் இடம். மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்கினாலும் அந்தக் குளிர்ச்சியில் எல்லாம் மறந்துபோகும். மறந்துபோவதுதான் சிக்கல் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம்.

கன்னிப் பெண்கள் கதை

‘இந்தக் கிணற்றில்தான் கன்னிப் பெண்களைத் தள்ளிப் பலி கொடுத்தார்கள்.’ புனித செனோட்டேயின் விளிம்பில் இந்த வாக்கியம் எத்தனை மொழிகளில் சொல்லப்பட்டிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. இதைப் பிரபலமாக்கியதில் எட்வர்ட் தாம்சனுக்குப் பெரும் பங்குண்டு. யுகடானில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த அவர், 1894இல் இடிபாடுகளோடு சேர்த்து அந்தப் பண்ணையையே விலைக்கு வாங்கினார். 1904 முதல் கிணற்றைத் தூர்வாரி, தங்கம், பச்சைக்கல், சாம்பிராணி, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஒரு பகுதிதான் பின்னாளில் மெக்சிகோவுக்குத் திரும்பியது. எலும்புகளை ஆராய்ந்தபோது அவற்றில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் இருந்தார்கள். கதை மட்டும் மாறவில்லை.

2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான மரபணு ஆய்வு இந்தக் கதையை இன்னும் பலமாக அசைத்தது. புனித செனோட்டேக்கு அருகே ஒரு நிலத்தடித் தொட்டியில் 1967இல் கிடைத்த எலும்புகளிலிருந்து 64 பேரை ஆராய்ந்தார்கள். 64 பேரும் ஆண் குழந்தைகள். பலர் நெருங்கிய உறவினர்கள். அவர்களில் இரண்டு ஜோடி ஒத்த இரட்டையர். மாயா புராணமான ‘போபோல் வூ’வில் இரட்டை வீரர்கள் பாதாளத்துக்குப் போய் மீள்வதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்தச் சடங்கின் பொருள் வேறு திசையில் விரிகிறது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியம். பக்கத்துக் கிராமமான திஷ்காகல்துயூபில் இன்று வாழும் மாயா மக்களின் மரபணு, அந்தக் குழந்தைகளின் மரபணுவோடு தொடர்ச்சி உடையது.

ஆக, ‘மாயாக்கள் எங்கே போனார்கள்?’ என்று பேருந்தில் யாராவது கேட்டால், ஓட்டுநர் இருக்கையைக் காட்டலாம். எங்கும் போகவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகடெக் மாயா மொழி பேசுவோர் ஏறத்தாழ 7.7 லட்சம் பேர். மர்மமாக மறைந்த இனம் என்கிற கதை விற்பனைக்கு வசதியானது. இருப்பவர்களுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லையே.

அந்தக் கதையில் 1847 வருவதே இல்லை. அந்த ஆண்டு வெடித்த மாயா விவசாயிகளின் கிளர்ச்சி, வரலாற்றில் ‘சாதிப் போர்’ என்று பதிவாகி, 1901 வரை நீண்டது. இன்றைய கிந்தானா ரோ மாநிலத்தின் பெரும்பகுதி அரை நூற்றாண்டு காலம் மெக்சிகோ அரசின் கைக்கு எட்டாத மாயா நிலமாக இருந்தது. அதே நிலத்தின் கடலோரத்தில்தான் 1970இல் அரசு கான்கூன் என்னும் நகரை வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கியது. வழிகாட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களில் பலர் மாயாக்கள், விஷயம் தெரிந்தவர்கள். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பந்தாட்டக் களத்தின் எதிரொலியைக் கைதட்டிக் காட்டுவதா, சாதிப் போரைச் சொல்வதா? தட்டினால் கூட்டம் மகிழ்கிறது.

நிலம் யாருடையது?

மெக்சிகோ சட்டப்படி தொல்லியல் சின்னங்கள் தேசத்தின் சொத்து. ஆனால் பிரமிடு நின்ற நிலம் 2010 வரை, விடுதித் தொழிலில் கொழித்த பார்பசானோ குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. யுகடான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து அதை வாங்கியது. நுழைவுக் கட்டணமும் இரண்டு துண்டு: மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. பல ஆண்டுகளாக மாநிலத்தின் துண்டுதான் பெரியது.

இந்தக் கணக்கில் பக்கத்து ஊரான பிஸ்தேக்கு என்ன கிடைக்கிறது? அந்த ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் இடிபாடுகளுக்குள் பாதையோரம் துணி விரித்து மரமுகமூடியும், சிறுத்தைபோல் உறுமும் ஊதலும் விற்கிறார்கள். ‘தொல்லை’ என்று பயணிகள் எரிச்சலடைகிறார்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்று அதிகாரிகள் விரட்டப் பார்க்கிறார்கள். ஊதல் சத்தம் தலைவலி தருவது உண்மை. ஆனால், 1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் கார்னகி நிறுவனமும் மெக்சிகோ அரசும் இங்கே அகழாய்வு செய்தபோது, மண்ணைத் தோண்டிக் கல்லைத் திரும்ப அடுக்கியதில் இந்த வட்டாரத்து மாயாக்களின் உழைப்பும் இருக்கிறது. படம் பிடிக்க எல்லோரும் முண்டும் பிரமிடின் வடக்கு, மேற்கு முகங்கள் அந்தக் காலத்தில் மீட்டெடுத்துக் கட்டப்பட்டவை. அந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு, கான்கூன் பயண நிறுவனத்தைவிட இந்த இடத்தின்மேல் உரிமை அதிகம். ஒழுங்குபடுத்துங்கள்; வெளியேற்றாதீர்கள்.

பேருந்தின் நேர அட்டவணையும் ஊருக்கு எதிராகவே வேலை செய்கிறது. கிந்தானா ரோ 2015இல் தன் கடிகாரத்தை யுகடான் மாநிலத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. போகும்போது ஒரு மணி லாபம். திரும்பும்போது அது கழிந்துவிடும். காலை எட்டு மணிக்குத் திறக்கும் தளத்தில் கான்கூன் பேருந்துகள் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகே வந்து குவிகின்றன. சாப்பாடு நிறுவனம் ஒப்பந்தம் போட்ட பஃபேயில், படுக்கை கடற்கரையில். பிஸ்தேயின் சின்ன உணவகங்களையும் தங்கும் அறைகளையும் கண்ணாடி வழியே பார்த்தபடி பேருந்துகள் கடந்துபோகின்றன.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கோபா இடிபாடுகளுக்கு அருகே சோ-ஹா, தம்காச்-ஹா, முல்தும்-ஹா ஆகிய செனோட்டேகளை ‘எஹிதோ’ நடத்துகிறது. மெக்சிகோ புரட்சிக்குப் பின் வந்த 1917 அரசியல் சட்டத்தின் வழியே கிராமத்தாருக்குப் பொதுவில் கிடைத்த நில உரிமை அமைப்பு அது. இடிபாடுகளுக்குள் மிதிவண்டியும் முச்சக்கர வண்டியும் ஓட்டுவது ஊர்க்காரர்கள். சிச்சென் இட்சாவுக்கு மேற்கே யோக்சோனோத் கிராமத்து செனோட்டேயைக் கூட்டுறவாகத் திரண்டு சுத்தம் செய்து நடத்துபவர்களில் முன்நின்றவர்கள் பெண்கள். வசதி குறைவு, விளம்பரமும் குறைவு. காசு ஊரில் தங்குகிறது.

ஒரே நீர்

செனோட்டேயில் இறங்கும்முன் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள்; வெயில் பூச்சுக் களிம்பு கூடாது என்று பலகை இருக்கும். நியாயமான விதி. சுண்ணாம்புப் பாறை நீரை வடிகட்டாது. மேலே ஊற்றியது அப்படியே கீழே சேரும். ஆனால், பயணியின் தோளில் இருக்கும் களிம்புக்குக் காட்டும் கண்டிப்பை, நகரங்களின் கழிவுநீருக்கும், பெருகிவரும் பன்றிப் பண்ணைகளுக்கும் காட்டியிருந்தால் இந்தப் பலகைக்கு மரியாதை கூடியிருக்கும். தீபகற்பம் குடிப்பதும் இந்த நிலத்தடி நீரைத்தான்.

ரயில் வந்தது அடுத்த கதை. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய, சுமார் 1,500 கி.மீ. நீளமுள்ள ‘மாயா ரயி’லின் கான்கூன்–துலூம் பகுதியில், பாதையைத் தாங்க இரும்புத் தூண்களைக் குகைகளின் கூரை வழியே இறக்கியிருக்கிறார்கள். முக்குளிப்பவர்களும் குகை ஆய்வாளர்களும் எதிர்த்தும் நிற்கவில்லை. ஏழ்மையான தென்கிழக்குக்கு வேலை வரும், பயணிகள் உள்நாட்டு ஊர்களுக்கும் போவார்கள் என்றது அரசு. கடற்கரை விடுதிகளின் பிடியைத் தளர்த்தும் நோக்கம் சரியானதே. அதற்குக் குகைகளின் மேல் பாதை போட்டது பிழை.

ஓமுன் என்கிற சிற்றூரில் நடந்ததும் சொல்லப்பட வேண்டும். செனோட்டேகளை நம்பி வாழும் அந்த மாயா ஊருக்கு அருகே 49,000 பன்றிகளுக்கான பண்ணை வந்தது. 2017இல் மக்கள் தாங்களே வாக்கெடுப்பு நடத்தி அதை நிராகரித்தார்கள். ஊர்க் குழந்தைகளின் பெயரில் வழக்கும் போட்டார்கள். 2018இல் நீதிபதி பண்ணை இயங்கத் தடை விதித்தார். 2021இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது.

யுகடானுக்குப் போகிறவர்கள் கான்கூனில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு பிஸ்தேயிலோ வயாதோலித்திலோ தங்கலாம். எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போது உள்ளே போய்விடலாம். பேருந்துகள் வருவதற்குள் பிரமிடையும் புனித செனோட்டேயையும் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். குளிக்க ஓமுனுக்குப் போங்கள்: மாநிலத் தலைநகர் மெரிதாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஊர் எல்லையிலேயே முச்சக்கர வண்டிக்காரர்கள் நின்றிருப்பார்கள்; எந்தச் செனோட்டே யாருடையது என்பதை அவர்களே சொல்வார்கள்.